60, 70 தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: மலையிலிருந்து ஒரே நடையில் பதிந்துவிட்டு வர என்னென்ன வேண்டும்?

நாகலூர்_குழுக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர் சுற்றுவட்டாரத்து மகளிர் குழுக்கள் சேர்ந்து 60 வயது தாண்டியவர்களின் பட்டியல் எடுத்து வருகிறோம். யாருக்கு அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரித்து, இல்லாதவர்களை ஒரே தடவையில் சேலம் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய்ப் பதிய வேண்டும். இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. 20 கொண்டை ஊசி வளைவு வயதானவர்களுக்கு லேசான காரியமும் இல்லை. "அந்தக் காகிதம் இல்லையா, நாளைக்கு வாங்க" என்ற பேச்சே வரக்கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பிடிபடாதவை இவை. வீட்டுக்கு வீடு ஒரு மஞ்சப்பையிலிருந்து நாலைந்து அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். எது ஆஸ்பத்திரிக்கு ஆகும், எது ஆகாது? அடுத்து, ஒரு வீட்டில் தாத்தாவுக்கு 74, பாட்டிக்கு 67. இருவர் பெயரும் மகனின் ரேஷன் கார்டில். மகனுக்குச் சேலத்தில் மாதம் 18,000 சம்பளம். இவர்களுக்கு வழி உண்டா? இன்னொரு பாட்டிக்கு ஊர்க்கணக்கில் 75 இருக்கும், ஆதாரில் 66. காப்பித் தோட்ட வேலை பார்த்தவர்கள் பலருக்குக் கைரேகை விழுவதே இல்லை, அதற்கு என்ன செய்வது? கடைசியாக, அட்டை கையில் இருந்தும் பணம் கட்டித்தான் வந்தோம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கே தவறு நடக்கிறது?

இசேவை_அயோத்தியாப்பட்டணம்

அக்கா, முதல்ல அந்த மஞ்சப்பையில இருந்து ஆரம்பிப்போம். பாதிக் குழப்பம் அங்கதான் இருக்கு.

ஆஸ்பத்திரிக்கு ஆகிற அட்டை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சது, 2012 ஜனவரியில இந்தப் பேருக்கு மாறி, 2018 செப்டம்பர்ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட இணைஞ்சது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ரெண்டாவது, 70 வயசு நிறைஞ்சவங்களுக்குன்னு 2024 அக்டோபர் 29-ல தொடங்கின ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு.

மத்ததையெல்லாம் தனியா எடுத்து வெச்சிடுங்க. 14 இலக்க எண்ணோட இருக்கிற ஆபா கார்டு காப்பீடே இல்லை, மருத்துவப் பதிவேட்டுக்கான அடையாள எண் மட்டும். அதுலயும் ஆயுஷ்மான்னு எழுதியிருக்கறதால நிறைய பேர் அதை லேமினேஷன் போட்டு, காப்பீடு இருக்குன்னு நம்பிக்கிட்டிருக்காங்க. இ-ஷ்ரம் கார்டு அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு, அதை வெச்சு ஆபரேஷன் பண்ண முடியாது. பேங்குல வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறாங்களே, அது விபத்துல இறந்தாலோ ஊனமானாலோ வர்ற காப்பீடு, அதுவும் 70 வயசு வரைக்கும்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அட்டை பழசா இருக்கேன்னு கவலைப்படாதீங்க. பார்க்க வேண்டியது, இன்னைக்குக் கணினியில குடும்பம் இருக்கா, குடும்பத்துக்குள்ள அந்தப் பெரியவர் பேர் இருக்காங்கறதுதான். திட்டத்தோட இணையதளத்துல, சிஎம்சிஎச்ஐஎஸ்டிஎன் டாட் காம், ரேஷன் கார்டு எண்ணைப் போட்டா தெரியும். இருந்தா அங்கேயே இ-கார்டு எடுத்துக்கலாம். நெட் கிடைக்கலைன்னா 1800 425 3993, கட்டணமில்லா எண், ரேஷன் கார்டைக் கையில வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க. இந்த வேலையை மலையிலேயே முடிச்சா உங்க பட்டியல் சுருங்கிடும். பேர் இருக்கிறவங்களைக் கீழே கூட்டிட்டு வரவே வேண்டாம்.

இல்லாதவங்களுக்கு, முதலமைச்சர் திட்டத்துல குடும்பத்தோட ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். அதாவது மாசம் 10,000. முன்னாடி 72,000-னு இருந்தது. அப்ப திருப்பி அனுப்பப்பட்டவங்க "நமக்குக் கிடையாது"ன்னு இன்னும் அப்படியே இருக்காங்க. அவங்களை மறுபடி விசாரிங்க.

வருமானச் சான்றுக்கு ஏற்காடு தனி வட்டம், சேலம் வர வேண்டியதில்லை. பக்கத்து இ-சேவை மையத்துல 60 ரூபாய். முதல்ல கேன் எண், அதாவது குடிமக்கள் எண், உருவாக்கணும். அதுக்கு செல்போன்ல ஓடிபி வரும். மலையில டவர் இல்லாத வீட்டு நம்பரைக் கொடுத்துட்டு ஓடிபிக்காக மணிக்கணக்கா உட்காராதீங்க, மையத்துல சிக்னல் எடுக்கிற நம்பராப் பார்த்துக் கொடுங்க. அதுவும் குடும்பத்துல ஒருத்தரோட நம்பரா இருக்கணும். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு மூணு கை மாறும். எங்க நிக்குதுன்னு ஒப்புகைச் சீட்டு எண்ணை வெச்சுப் பார்க்கலாம்.

அடிக்கடி நடக்கிற தப்பு ஒண்ணு. பெரியவர் "ஆறாயிரம் வருதுங்க"ன்னு மாசக் கணக்குச் சொல்வார், பதியறவர் அதை ஆண்டு வருமானக் கட்டத்துல அடிச்சிடுவார். விஏஓ பார்த்துட்டுத் திருப்பி அனுப்பினா ஒரு வாரம் போச்சு. விண்ணப்பத்தை அனுப்பறதுக்கு முன்னாடி திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படிங்க.

காப்பீட்டு_மேசை

மகன் கார்டில் பெயர் இருக்கும் தாத்தா பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். மலையில் மட்டுமல்ல, சேலம் டவுனிலும் முதியவர்கள் வெளியே நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

முதலமைச்சர் திட்டம் "குடும்பம்" என்று பார்ப்பது ரேஷன் கார்டில் உள்ள பெயர்களை. மகன் கார்டில் பெற்றோர் இருந்தால் மகன் சம்பளமும் குடும்ப வருமானம். மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. வரம்பைத் தாண்டிவிட்டது. பாட்டிக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது.

ஆனால் தாத்தாவுக்கு 74. வய வந்தனா கார்டுக்கு வருமான வரம்பே கிடையாது; ஆதாரில் 70 நிறைந்திருந்தால் போதும், யார் கார்டில் இருந்தாலும் சரி. ஆண்டுக்கு 5 லட்சம். வீட்டில் 70 தாண்டியவர் இருவர் என்றால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால், 70 தாண்டியவருக்கு இது கூடுதல் 5 லட்சம், வீட்டில் இளையவர்கள் அதில் கை வைக்க முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய நோய் எது இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். காத்திருப்புக் காலம் இல்லை. தனியார் பாலிசி வைத்திருந்தாலும், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ இருந்தாலும் இதையும் எடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களின் சிஜிஎச்எஸ், முன்னாள் படைவீரர்களின் இசிஎச்எஸ் போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

67 வயதுப் பாட்டிதான் இடையில் மாட்டிக்கொள்கிறார். 60-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு வயதை மட்டும் வைத்துக் கிடைக்கும் திட்டம் இல்லை. வருமானம் வழியாகத்தான் நுழைய வேண்டும். உண்மையிலேயே பெரியவர்கள் தனி வீட்டில், தனி அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றால், மகன் கார்டிலிருந்து பெயர் நீக்கித் தனி ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. தனிச் சமையல் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். தோட்டத்துக் குடியிருப்பில் மகனும் மருமகளும் டவுனில் இருக்க, பெரியவர்கள் மட்டும் மேலே தங்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு இது பொய்க்கணக்கு அல்ல, உள்ளதை உள்ளபடி பதிவது. ஒரே கூரை, ஒரே உலை என்றால் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். விசாரணையில் விழுந்துவிடும், பெயர் நீக்கிய நிலையில் ரேஷனும் நடுவில் நிற்கும்.

பெயர் நீக்கமும் புதுக் கார்டும் முடிய நாளாகும். அதனால் 67 வயதுப் பாட்டிகளின் வேலையை முதலில் தொடங்குங்கள், 74 வயதுத் தாத்தாவின் வேலை ஒரே உட்காரலில் முடிவது.

இசேவை_அயோத்தியாப்பட்டணம்

தாத்தா வேலைக்குச் சேலம்கூட வேண்டாம். ஆயுஷ்மான் செயலியில இல்லைன்னா பெனிஃபிஷியரி டாட் என்எச்ஏ டாட் கவ் டாட் இன் தளத்துல, பயனாளின்னு செல் எண் போட்டு உள்ளே போனா 70 தாண்டினவங்களுக்குத் தனிப் பொத்தான் இருக்கு. மாநிலம், ஆதார் எண் போட்டு, இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியா ஆளைச் சரிபார்க்கறது, முடிச்சு, முகப் படம் எடுத்து, முகவரி விவரமும் குடும்பத்தினர் விவரமும் நிரப்பணும். அனுமதி ஆனதும் கார்டை இறக்கிக்கலாம்.

கைரேகை விழாதவங்களுக்கு ஓடிபி இருக்கு, கருவிழி இருக்கு, முகத்தைக் காட்டிச் சரிபார்க்கறதும் இருக்கு. ஓடிபி வரணும்னா ஆதார்ல செல் எண் இணைஞ்சிருக்கணும். பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு அது இருக்காது, இல்லைன்னா பேரன் எப்பவோ தூக்கிப் போட்ட சிம் நம்பரா இருக்கும். முகச் சரிபார்ப்புக்கு போன்ல ஆதார் ஃபேஸ் ஆர்டிங்கற செயலியையும் சேர்த்துப் போட்டிருக்கணும், அது இல்லாம ஆயுஷ்மான் செயலி முகத்தை எடுக்காது. வாசத்திண்ணையில வெளிச்சம் முகத்துல விழற மாதிரி உட்கார வெச்சு, தலைத்துண்டையும் கண்ணாடியையும் எடுத்துட்டு, போனை முகத்துக்கு நேரா அசையாமப் பிடிங்க. கண்ணை மூடித் திறக்கச் சொல்லும். பெரியவர் போனைப் பார்க்காம உங்க முகத்தையே பார்ப்பார், ரெண்டு மூணு தடவை தவறும். பொறுமையா எடுங்க. மூட்டம் போட்டிருக்கிற சாயங்காலத்துல முயற்சி பண்ணாதீங்க, முற்பகல் நல்லது.

ஆதார்ல 66-ன்னு இருக்கிற பாட்டிக்கு: வய வந்தனாவுக்கு ஆதார் வயசுதான் கணக்கு. பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, அதுக்கும் பிறப்புச் சான்று மாதிரி செல்லுபடியாகிற ஆவணம் வேணும். அது இல்லாத பாட்டியை ஆதார் மையத்துக்கு அலைக்கழிக்காதீங்க. அவங்களை முதலமைச்சர் திட்டத்துல வருமான வழியா சேர்த்துடுங்க, அங்க வயசு ஒரு பொருட்டே இல்லை. கிடைக்கிற 5 லட்சமும் சிகிச்சையும் அதே மாதிரிதான்.

அதைவிட ஜாஸ்தி தொல்லை பேர்லதான். கலெக்டர் ஆபீஸ் பதிவு மையத்துல திரும்பி வர்றவங்களை நிறுத்திப் பார்த்தா பேர்ப் பொருத்தம்தான் காரணமா இருக்கும். ரேஷன் கார்டுல "பாப்பாத்தி"ங்கறதை இங்கிலீஷ்ல ரெண்டு ஏ போட்டிருப்பாங்க, ஆதார்ல ஒரு ஏ. ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல கணவர் பேரே பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கும். சின்ன எழுத்து வித்தியாசம் தாண்டிப் போகும். கூப்பிடற பேர் ஒண்ணுல, வெச்ச பேர் ஒண்ணுலன்னு இருந்தா போகவே போகாது. மூணு காகிதத்தையும் தரையில பக்கத்துல பக்கத்துல வெச்சு, இங்கிலீஷ் எழுத்தை விரல் வெச்சு ஒவ்வொண்ணாப் பாருங்க. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று. தமிழ் எழுத்து ஒத்துப்போகுதேன்னு விட்டுடாதீங்க, கணினி ஒப்பிடறது இங்கிலீஷை.

எதைத் திருத்தறதுன்னா, ரேஷன் கார்டைத் திருத்துங்க. ரேஷன் கார்டுக்கான டிஎன்பிடிஎஸ் தளத்துல முடியும், ஆதார் நகல் போதும். ஆதாரைத் திருத்தினா பேங்க், முதியோர் பென்ஷன் எல்லாத்துலயும் புதுச் சிக்கல் கிளம்பும். பேர் திருத்தம் முடிஞ்ச பிறகு வருமானச் சான்று போடுங்க. முன்னாடியே போட்டா பழைய பேரோட சான்று வந்து, இன்னொரு 60 ரூபாயும் ஒரு வாரமும் போகும்.

ஓய்வூதியர்_அஸ்தம்பட்டி

ஒரு சிறு திருத்தம் சேர்க்க வேண்டும். பட்டியலில் மாநில அரசு ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியர் இருந்தால் அவர்களை இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு ஓய்வூதியர் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியாக உண்டு. 2022 ஜூலை 1-ல் தொடங்கிய நான்காண்டுத் தொகுப்பில் மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்பட்டது. தொகை நான்காண்டுக்கு 5 லட்சம், குறிப்பிட்ட பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. "ஆண்டுக்கு 5 லட்சம்" என்று நினைத்து முதல் ஆண்டிலேயே தீர்த்துவிட்டு நிற்பவர்கள் உண்டு, கவனம். ஓய்வூதியரின் துணைவரும் இதில் அடக்கம். துணைவர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கருவூலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை எண்ணும் மருத்துவமனைப் பட்டியலும் முதலமைச்சர் திட்டத்தினுடையவை அல்ல.

இன்னொரு கூட்டம், மில்லிலும் தொழிற்சாலையிலும் இஎஸ்ஐ பிடித்தம் இருந்து ஓய்வு பெற்றவர்கள். சேலத்தில் நூற்பாலை வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதில் விலகியிருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைவருக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரலாம். 60-க்கும் 70-க்கும் இடையில் கைவிடப்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வெளிநோயாளிச் சிகிச்சையும் மாத்திரையும்கூட இதில் கிடைக்கும், மேலே சொன்ன இரண்டு அட்டையிலும் அது கிடையாது. பழைய காப்பீட்டு எண், விலகிய தேதிக்கு நிறுவனம் கொடுத்த சான்று, இரண்டையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டு_மேசை

அட்டை இருந்தும் பணம் கட்டிய கதைக்கு வருகிறேன். இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினாலும் நல்லது.

இந்த அட்டை, படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு. புறநோயாளியாக டாக்டரைப் பார்ப்பது, மாதாந்திர மாத்திரை, சும்மா ஒரு ஸ்கேன் எதற்கும் செல்லாது. இதய ஆஞ்சியோகிராம் போன்ற குறிப்பிட்ட பரிசோதனைகளும் டயாலிசிஸும் பட்டியலில் உள்ளவை, அவை விதிவிலக்கு. இதய அடைப்புக்கு ஸ்டென்ட், பைபாஸ், மூட்டு மாற்று, புற்றுநோய்க்குக் கீமோ, கதிர்வீச்சு எல்லாம் உண்டு. கண்புரைக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரி போக வேண்டாம். அரசு மருத்துவமனையிலேயே உள்விழி லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள்.

இரண்டாவது, "இந்த ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டு" என்ற பலகையை மட்டும் நம்பக் கூடாது. அனுமதி மருத்துவமனைக்கு மொத்தமாக இல்லை, துறைவாரியாக. எலும்புக்கு அனுமதி உள்ள இடத்தில் இதயத்துக்கு இல்லாமல் இருக்கலாம். சில அறுவைகளை அரசு மருத்துவமனைக்கு மட்டும் என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். சேர்ப்பதற்கு முன் காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டியது: இந்த நோய்க்கு, இந்த அறுவைக்கு, இந்த ஆஸ்பத்திரியில், என் அட்டையில் முன் அனுமதி போடுவீர்களா? வய வந்தனா கார்டு மட்டும் வைத்திருப்பவர், அந்தக் கார்டின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். பெயர் சொல்லாமல் "காப்பீடு எடுப்பீங்களா" என்றால் ஆமாம் என்பார்கள், அவர்கள் மனதில் முதலமைச்சர் அட்டை இருக்கும்.

மூன்றாவதுதான் அதிகப் பணம் போகும் இடம். இது பணமில்லாச் சிகிச்சை. முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு இதில் இல்லை. "இப்போதைக்குக் கட்டுங்க, அனுமதி வந்ததும் பார்த்துக்கலாம்" என்றால், முன் அனுமதி எண் வந்ததா என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தொலைபேசியில் அவசர அனுமதி வாங்க மருத்துவமனைக்கு வழி இருக்கிறது. அனுமதி வந்த சிகிச்சைக்குப் படுக்கை, மருந்து, அறுவை, பொருத்தும் கருவி, சாப்பாடு எல்லாம் தொகுப்புக்குள் அடக்கம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அங்கிருந்தே 1800 425 3993-க்குப் பேசுங்கள், நோயாளி உள்ளே இருக்கும்போதே பேசுங்கள். வீட்டுக்கு வந்தபின் செய்யும் புகாரைவிட அதற்குப் பலன் அதிகம். வய வந்தனா, ஆயுஷ்மான் என்றால் 14555. அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளில் மனு. தனி அறை கேட்டு வாங்கினால் மட்டும் அந்தச் செலவு நம்முடையது.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வராதீர்கள். ஆயுஷ்மான் விதியில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், திரும்பிய பின் 15 நாள் மருந்தும் பரிசோதனையும் அடக்கம். கேட்காதவர்களுக்கு அது கிடைக்காமலே போகிறது.

அட்டையே இல்லாமல் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் தயங்கி நிற்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். அட்டை இல்லை என்று அங்கே சிகிச்சை நிற்காது. சேர்த்த கையோடு அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் சொல்லி, சேர்த்ததற்கான சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ வருமானச் சான்று இவற்றோடு வீட்டாரில் ஒருவர் கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போகட்டும்.

நாகலூர்_குழுக்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. பட்டியலைப் பிரித்ததில் பாதிப் பேருக்கு மேல் கீழே இறங்கவே தேவையில்லை என்று தெரிகிறது. இரண்டு சந்தேகம் மீதி. தோட்டத்துக் குடியிருப்பில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு ரேஷன் கார்டு அரூர் பக்கம், தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. வருமானச் சான்று எங்கே வாங்குவது? இன்னொருவர் கணவர் இறந்துவிட்டார், காப்பீட்டு அட்டை கணவர் பெயரில். அது செல்லுமா?

இசேவை_அயோத்தியாப்பட்டணம்

ரேஷன் கார்டுல எந்த வட்டமோ அந்த வட்டத்து தாசில்தார்தான் சான்று தருவார். விண்ணப்பத்தை ஏற்காடு இ-சேவையிலேயே போடலாம், ஆனா அந்த ஊர் விஏஓ "ஆள் இங்க இல்லையே"ன்னு எழுதிட்டா நிராகரிப்பு. பாட்டி இனி மலையிலதான் இருக்கப் போறாங்கன்னா முகவரியை முதல்ல மாத்திடுங்க, ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும். அவசரம்னா அங்கேயே உறவுக்காரங்க மூலமா முடிங்க. எந்த மாவட்டத்துல பதிஞ்சாலும் தமிழ்நாடு முழுக்கப் பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியில செல்லும், சேலத்துலயே பார்த்துக்கலாம்.

கணவர் இறந்தாலும் அட்டையில பேர் உள்ள மத்தவங்களுக்கு உரிமை போகாது. ஆனா ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் மாத்தும்போது கார்டு எண் மாறியிருந்தா, புது எண்ணைக் காப்பீட்டு எண்ணோட இணைக்கணும். அதுக்கு அந்தம்மாவைக் கட்டாயம் கீழே கூட்டிட்டு வாங்க, பழைய காப்பீட்டு அட்டையும் இறப்புச் சான்று நகலும் கையில இருக்கட்டும்.

வர்ற அன்னைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கவர். அசல் ரேஷன் கார்டு, கார்டுல உள்ள எல்லாரோட அசல் ஆதார், வருமானச் சான்று, எல்லாத்துலயும் ரெண்டு நகல், ஓடிபி வர்ற போன் சார்ஜோட. கவர் மேலயே பேரும் ரேஷன் கார்டு எண்ணும் எழுதிடுங்க. திங்கட்கிழமை வேண்டாம், மனு கொடுக்க வர்ற கூட்டத்துல வயசானவங்க நசுங்கிடுவாங்க. மே மாசக் கோடை விழா நாட்களும் வேண்டாம், மலைப்பாதையில வண்டி நகராது. பதிவுக்குக் காசு கிடையாது. வாசல்ல 200, 300 கேட்டு ஆள் வந்தா ஒதுங்கிடுங்க. அதே மாதிரி "காப்பீட்டு ஆபீஸ்ல இருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வந்தா எந்தப் பெரியவரும் சொல்லக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வெச்சிடுங்க.

மெய்யனூர்_செவிலி

அட்டையில் வராத இரண்டுக்கு வேறு கதவு இருக்கிறது, அதையும் பட்டியலில் ஒரு கட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பெயர் விட்டுப்போன வீடுகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக்கொடுத்தால் போதும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத பெரியவர்தான் பிறகு இதய அடைப்போடும் சிறுநீரகக் கோளாறோடும் இந்த 5 லட்சத்தைத் தேடி வருகிறார்.

மலைப்பாதை விபத்துக்கு, இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, இணைந்த மருத்துவமனைகளில், வருமானமும் பார்க்க மாட்டார்கள், அட்டையும் கேட்க மாட்டார்கள். 108-ல் ஏற்றும்போதே அந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் போனால் முதலமைச்சர் அட்டை இருக்கிறதா என்ற கேள்வி வரும். அதனால் இரண்டாம் நாளே வீட்டிலிருந்து ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காப்பீட்டு மேசையில் காட்டிவிட வேண்டும்.